கார் கற்றுக்கொண்ட வணக்கம்

கசுமிநோ மோட்டார் நிறுவனத்துக்கு வயது எழுபது. அதன் மரபுக்கு வயது ஆயிரத்து முந்நூறு. இது எப்படி என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது மரபு அல்ல.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு தகரத்தில் சோற்றுப் பானை அடித்து விற்ற பட்டறை அது. பிறகு மூன்று சக்கர வண்டி செய்தது, பிறகு சின்னக் கார், கடைசியில் பெரிய கார். பெரிய கார் வாங்குகிற ஆட்கள் வண்டியை மட்டும் வாங்குவதில்லை, கூடவே கொஞ்சம் பரம்பரையும் கேட்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் அது வேண்டிய மட்டும் இருந்தது. கசுமிநோவிடம் பானைதான் இருந்தது. ஆகவே இயக்குநர் குழு கூடி, ஒரு மரபைத் தயாரிக்கும் வேலையை உருவமைப்புப் பிரிவிடம் ஒப்படைத்தது. தாராளமாகப் பணமும் ஒதுக்கியது.

அந்தப் பிரிவின் தலைவர் இயக்குநர் இச்சினோஸே. கம்பெனிச் செலவில் கியோத்தோவுக்குப் போய், மண்டியிட்டு உட்கார்ந்து தேநீர்ச் சடங்கு கற்று, ஞானத்தோடும் முட்டி வலியோடும் திரும்பி வந்தவர். முதல் கூட்டத்தில் அவர் எழுந்து பேசினார்.

"ஜெர்மன்காரன் கார் நம்மள முறைக்குது. இத்தாலிக்காரன் கார் கண்ணடிக்குது. ஆங்கிலேயன் கார் நம்மளத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. நம்ம கார் என்ன பண்ணணும்? வணங்கணும்! பணிவுதான் நம்ம பரம்பரைச் சொத்து. உலகத்துலயே நம்மள மாதிரிப் பணிவானவன் வேற எவனும் கிடையாது. இந்த விஷயத்துல நாம யாருக்கும் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கப் போறதில்ல!"

கைதட்டினார்கள். எல்லோரும் தட்டி முடிக்கும் நேரம் பார்த்துக் குஸகபே மினோருவும் தட்டி முடித்தார். முதலில் நிறுத்துகிறவராக அவர் எப்போதும் இருந்ததில்லை.

மினோரு அந்தப் பிரிவில் துணை அதிகாரி. முன்விளக்குகளின் இமையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. புதிய காரின் விளக்குகள் பாதி மூடிய கண்கள் மாதிரித் தரையைப் பார்க்க வேண்டும், ஆனால் தூங்குகிற மாதிரி இருக்கக் கூடாது. இந்த வித்தியாசத்துக்காகப் பல வருடங்களாக அவர் களிமண்ணில் செய்த மாதிரிக் காரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மூக்கில் மூங்கில் திரை, மழைக்கு முந்தைய வானம் என்று பெயரிட்ட கருநிறம், ஹாரனுக்குப் பதிலாக மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு குழலோசை, இவையெல்லாம் மற்றவர்கள் பொறுப்பு. காருக்குக் கென்ஜோ என்று பெயர் வைத்தார்கள். பணிவு என்று அர்த்தம். விலை இரண்டு கோடி யென்.

கார் உண்மையிலேயே வணங்கப்போகிறது என்பதுதான் முக்கியம். எதிரே யாராவது வந்தால் முன்சக்கரங்களின் மேல் உடம்பை மடக்கி, மூக்கைத் தாழ்த்தி, ஒரு கணம் அப்படியே நின்று, நிமிரும். யாருடைய வணக்கத்தை அதற்குக் கற்றுக்கொடுப்பது என்று கம்பெனி முழுவதும் தேடினார்கள். கம்பெனித் தலைவருடைய வணக்கம் சரிப்படவில்லை, அவர் குனிந்து பல வருடம் ஆகியிருந்தது. கடைசியில் மாடிப்படியில், யாரோ போட்டுவிட்டுப் போன பெட்டிக்கு மன்னிப்புக் கேட்டுக் குனிந்துகொண்டிருந்த மினோருவை இச்சினோஸே கண்டுபிடித்தார்.

"குஸகபே சான்! அசையாதீங்க. அப்படியே இருங்க. அடடா, என்ன முதுகு! இந்த முதுகுக்குச் சொந்தமா ஒரு கருத்துகூட இல்ல பாருங்க."

மினோரு நன்றி சொல்லிக் குனிந்தார்.

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி சுமியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் இதயத்தில் ஒரு அடைப்பிதழ் சரியாக மூடுவதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பொரித்த பண்டங்கள் விற்கும் பகுதியில் வேலை பார்த்தவள், இப்போது வீட்டோடு இருந்தாள். ஆஸ்பத்திரியின் இதய நிபுணர் டாக்டர் தொகாஷி தெளிவாகச் சொல்லியிருந்தார்: நெஞ்சு இறுக்கினால் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், சீக்கிரம் வந்தால் காப்பாற்றிவிடலாம், தாமதமானால் என் கையில் இல்லை.

"ஏங்க, ஃபோன்ல பேசறப்பகூடக் குனியற ஆளு நீங்க," என்றாள் சுமியே. "அந்தாண்ட இருக்கறவனுக்கு உங்க வழுக்கை தெரியுமா என்ன? சரி, அந்த வாலையும் சேத்தா காருக்குக் கத்துக்கொடுக்கப்போறீங்க?"

வால் என்று அவள் சொன்னது மினோருவின் ஒரு பழக்கத்தை. வணங்கி நிமிர்ந்த பிறகு அவர் தலை தானாக இன்னொரு முறை லேசாக ஆடும். முழு வணக்கம் இல்லை, வணங்கியதற்கு ஒரு பின்குறிப்பு. அதைப் பார்த்த எதிராளிக்குச் சும்மா இருக்க முடியாது. அவர் மறுபடி குனிவார். மினோருவும் குனிவார். நிமிர்ந்ததும் வால்.

"என்னைக் கேட்டு எங்க வீட்டுக்கு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? எங்கப்பாவும் நீங்களும் வாசல்ல ஆரம்பிச்சது. எங்கம்மா நடுவுல புகுந்து டீ வைக்கலைன்னா இன்னிக்கும் அங்கதான் நிப்பீங்க ரெண்டு பேரும். எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது."

"அது மரியாதை, சுமியே."

"மரியாதைதான். எனக்காக ஒரே ஒரு தடவையாவது எவன் முன்னாடியாவது நிமிந்து நில்லுங்க, பாக்கறேன்."

மறுநாள் அவருக்குக் கறுப்பு ரப்பர் உடை மாட்டி, அசைவைக் கணினியில் பதிய உடம்பு முழுக்கப் பளபளக்கும் பொத்தான்கள் ஒட்டி, ஒரு வெள்ளை அறையில் நிற்க வைத்தார்கள். எதிரே கம்பெனித் தலைவரின் படத்தை வைப்பதாகத் திட்டம். படத்தைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவர அனுமதி வராததால் ஒரு அட்டைப் பெட்டியை வைத்தார்கள். மினோரு நாள் முழுவதும் பெட்டியை வணங்கினார். பொறியாளர் ஒருவர், கடைசியில் வரும் அந்தச் சின்னத் தலையாட்டலை வெட்டிவிடலாமா என்று கேட்டார். மினோருவே வெட்டிவிடச் சொன்னார். இச்சினோஸே பதறிப்போனார்.

"அதையா? அதுலதான்யா உயிரே இருக்கு! முடிஞ்சதுக்கு அப்புறமும் முடியாத பணிவு! மத்த கம்பெனிக்காரன் நூறு வருஷம் தலைகீழா நின்னாலும் இது வராது!"

வால் காரில் ஏறிவிட்டது.

முதலில் செய்த இரண்டு கார்களைச் சோதனைத் திடலில் எதிரெதிரே நிறுத்தினார்கள். முதல் கார் வணங்கியது. இரண்டாவது பதில் வணக்கம் செய்தது. முதல் கார் நிமிர்ந்து, லேசாகத் தலையாட்டியது. இரண்டாவது அதைப் பார்த்து மறுபடி வணங்கியது. பார்க்க வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை நிறுத்தினார்கள். சிலர், நின்று வேடிக்கை பார்ப்பது நன்றாக இராது என்று தாங்களும் குனிய ஆரம்பித்தார்கள். வணங்கும்போது நகர்வது அவமரியாதை என்பதால் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். வணங்கும்போது இறங்கிப் போவது அதைவிட அவமரியாதை என்பதால் கதவுகளும் பூட்டிக்கொண்டன. உள்ளே ஓட்டுநர்கள் பாவமாக உட்கார்ந்திருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. கடைசியில் காவலாளி ஒருவர் பொறுமை இழந்து, தன் மழைக்கோட்டைக் கழற்றி ஒரு காரின் மூக்கில் இருந்த கேமராக் கண்ணின் மேல் எறிந்தார். எதிரே யாரும் இல்லை என்று நினைத்து அந்தக் கார் நிமிர்ந்து நின்றது. கதவு திறந்தது. இந்த மரியாதைக்குறைவுக்காக அந்தக் காவலாளியை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

மினோருவுக்கு அன்றே புரிந்துவிட்டது. தன் மேலதிகாரி ஓனுகியிடம் போனார்.

"அந்த வாலை எடுத்துடணும் சார். ரெண்டு வண்டி ஒரு சந்துல நேருக்கு நேர் வந்தா என்ன ஆகும்?"

ஓனுகி கதவைச் சாத்தினார். "குஸகபே சான், உங்களுக்குக் காத்தைப் படிக்கத் தெரியாதா? மேல இருந்து எப்படிக் காத்து அடிக்குதுன்னு பாத்துப் பேசுங்க. இந்த விலைக்குக் கார் வாங்கறவன் சந்துக்குள்ள ஏன் வரப்போறான்?"

"வந்துட்டா?"

"அப்ப அது சந்தோட தப்பு."

ஒப்புதல் கூட்டத்தில் மினோரு வாய் திறந்து சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். கூட்டத்தின் குறிப்பு, வழக்கம்போல, முந்தின நாளே தட்டச்சாகி எல்லோர் முன்னாலும் வைக்கப்பட்டிருந்தது. ஏகமனதாக ஏற்கப்பட்டது என்று அதில் இருந்தது. இச்சினோஸே அன்பாகச் சுற்றிப் பார்த்தார்.

"ரெண்டு கார் ஒண்ணை ஒண்ணு வணங்கிட்டே இருந்துதுன்னு சில பேர் கவலைப்படறதாக் கேள்விப்பட்டேன். அது கோளாறு இல்ல, கலாச்சாரம். எப்ப நிக்கும்னு கேட்டா, பணிவு நிறைஞ்சதும் நிக்கும். யாருக்காவது ஆட்சேபணை உண்டா? தாராளமாச் சொல்லலாம். சொன்னவங்க பேரை நான் மறக்கவே மாட்டேன்."

மினோரு எழுந்தார். நாற்காலி கீச்சென்றது. எல்லாத் தலைகளும் திரும்பின. ஒரு இயக்குநர் முன்னால் பேசத் தொடங்குமுன் வணங்க வேண்டும் அல்லவா? வணங்கினார். நிமிர்ந்தார். வால் ஆடியது.

அறை முழுவதும் கைதட்டல். "பாத்தீங்களா, ஆதரவைக்கூட எவ்வளவு அடக்கமாச் சொல்றாரு!" என்றார் இச்சினோஸே. தட்டுகிறவர்களின் நடுவே நின்று ஆட்சேபணை சொல்வது எப்படி என்று மினோருவுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தார்.

கென்ஜோ பிய்த்துக்கொண்டு விற்றது. அது தெருவோரக் குளிர்பான இயந்திரத்தை வணங்கியது. மின்கம்பத்தை வணங்கியது, அந்தக் கம்பம் பல வருடமாக ஒரே இடத்தில் வேலை பார்ப்பதால் அது தகும் என்று சொந்தக்காரர் பத்திரிகைக்கு எழுதினார். ஒரு வங்கித் தலைவர் மட்டும் தன் கார் ஒரு பல் டாக்டருடைய காரைவிட ஆழமாக வணங்கிவிட்டது என்று கோபப்பட்டார். உடனே காருக்குள் சொந்தக்காரரின் பதவியைப் பதியும் வசதி செய்து கொடுத்தார்கள். கீழ்ப்பதவிக் கார் ஆழமாக வணங்கும், மேல்பதவிக் கார் லேசாக. தாங்கள் சமம் என்று கார்களே முடிவு செய்துகொண்டால், இரண்டும் ஆழமாக வணங்கும்.

கம்பெனி இயக்குநர்களுக்கும், கம்பெனி கட்டிய ஊர் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர்களுக்கும் சலுகை விலையில் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் மரபும் இலவசமாகக் கிடைத்தது. அதன் அகலமான வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, தேநீர்க் குடிலின் நுழைவாயில் மாதிரி ஒடுங்கிய மரவாசல் ஒன்றைக் கட்டினார்கள். ஒரு வண்டி மட்டும் நுழையலாம். நோயாளிகள் அடக்கத்தோடு உள்ளே வர வேண்டும் என்று திறப்பு விழாவில் இச்சினோஸே சொன்னார். சுமியே டிவியில் அதைப் பார்த்துவிட்டு, "நோயாளி எங்கடா நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்தான்?" என்று கேட்டாள்.

காக்கி என்னும் பழத்தைத் தோல் சீவி வெயிலில் காயவைக்கும் இலையுதிர்காலம். விடுமுறை நாள். சுமியே பழத்தோலைச் சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஏங்க," என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. மினோரு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஃபோனை வைக்குமுன் குனிந்தார்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. ஆஸ்பத்திரியிலும் எல்லாம் தயார் என்றும், டாக்டர் தொகாஷியை வீட்டிலிருந்து வரச் சொல்லியாகிவிட்டது என்றும் வண்டியில் இருந்த மருத்துவ உதவியாளர் சொன்னார். "நேரம் இருக்குங்க. பயப்படாதீங்க." மினோரு சுமியேயின் கையைப் பிடித்துக்கொண்டார். கை குளிர்ந்திருந்தாலும் பிடியில் வலு இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது.

மரவாசலுக்குள் இரண்டு கென்ஜோக்கள் மூக்கோடு மூக்காக நின்று வணங்கிக்கொண்டிருந்தன. உள்ளே போக வந்த காரில் டாக்டர் தொகாஷி. வெளியே வர வந்த காரில், முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்ட இயக்குநர் இச்சினோஸே. தூணுக்கும் காருக்கும் நடுவே ஒரு ஆள்கூட நுழைய இடம் இல்லை. சுமியேயைக் காப்பாற்ற வேண்டிய டாக்டர் அவளுக்கு எதிரே, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பூட்டிய கதவுகளுக்குள் உட்கார்ந்திருந்தார். திரும்பி, பின்கண்ணாடி வழியாக ஆம்புலன்ஸைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக் குனிந்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒலிபெருக்கியில், சிரமத்துக்கு மன்னிக்கவும், தயவுசெய்து வழிவிடவும் என்று மரியாதையாகக் கேட்டார். கார்கள் இரண்டும் குழலோசையில் மன்னிப்புக் கேட்டன.

சுமியே தலையைத் தூக்கி, முன்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கார் குனிந்தது, ஒரு கணம் நின்றது, நிமிர்ந்தது, லேசாகத் தலையாட்டியது.

"ஏங்க," என்றாள். உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "அது நீங்கதானே? வாலு தெரியுது."

மினோரு காரைப் பார்த்தார்.

"போங்க. போய் நிறுத்துங்க. குனியாமச் சொல்லுங்க."

அவளுடைய சால்வையை எடுத்துக்கொண்டு மினோரு ஓடினார். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மழைக்கோட்டு எறிந்த காவலாளியை அவர் மறக்கவில்லை. தொகாஷியின் கார் மேல் ஏறி, இரண்டு மூக்குகளுக்கும் நடுவே இறங்கினார். இச்சினோஸேயின் கார்க் கண்ணாடி கொஞ்சம் இறங்கியது.

"அட, குஸகபே சான்! நீங்களா! பாத்தீங்களா, என்ன அழகு! நேர்ல பாக்கறப்ப எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

இயக்குநர் பேசுகிறார். மினோருவின் முதுகு மடங்கியது. "மன்னிக்கணும் இயக்குநர் அவர்களே, ஆம்புலன்ஸ்ல என் மனைவி..." நிமிர்ந்தார். வால் ஆடியது. மூக்குகளுக்கு நடுவே ஒரு ஆள் வணங்குவதைப் பார்த்த இரண்டு கார்களும் அவருக்குச் சேர்த்து இன்னொரு முறை ஆழமாக வணங்கின.

"மனைவியா? அடடா. ரொம்ப வருத்தம். இதோ, முடிஞ்சுடும். இப்ப குறுக்கிட்டா நல்லா இருக்காது."

"துணியைப் போட்டா நின்னுடும். அனுமதி கொடுத்தா..." மறுபடி குனிந்தார்.

"துணியா? முகத்துலயா?" இச்சினோஸேயின் குரல் இறங்கியது. "தொகாஷி டாக்டர் காரும் என் காரும் சமமான அந்தஸ்து. எதை முதல்ல மூடுவீங்க? யோசிச்சுச் செய்யுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல, டாக்டர் மனசு புண்படக் கூடாது பாருங்க."

மினோரு யோசித்தார். இதை எழுதும்போது எனக்கு அந்த ஆளின் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. ஆனால் அவர் யோசித்தார். யாரை முதலில் அவமதிப்பது என்று நிஜமாகவே யோசித்தார். அப்புறம் டாக்டரிடம் திரும்பி, கண்ணாடி வழியாக மன்னிப்புக் கேட்டுக் குனிந்தார். கார்கள் குனிந்தன. டாக்டர் உள்ளேயிருந்து பதிலுக்குக் குனிந்தார். பின்னால் ஆம்புலன்ஸ் கதவு திறக்கும் சத்தமும், "சீக்கிரம், சீக்கிரம்!" என்று உதவியாளர் கத்துவதும் கேட்ட பிறகுதான் மினோரு சால்வையை எறிந்தார்.

டாக்டரின் கார் உடனே நிமிர்ந்தது. எதிர்க் காரும் நிமிர்ந்து பின்வாங்கி வழிவிட்டது, டாக்டரின் கார் வாசலைத் தாண்டி உள்ளே போய் நின்றது. கதவு திறந்தது. அவ்வளவுதான் வேலை.

தொகாஷி இறங்கி ஓடி வந்து ஆம்புலன்ஸுக்குள் ஏறினார். சுமியேயின் நெஞ்சில் கையை வைத்து அழுத்திக்கொண்டே உள்ளே கொண்டுபோனார்கள். நீண்ட நேரம் கழித்து அவர் வெளியே வந்தபோது முகமூடியைக் கழற்றிவிட்டு, "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று சொல்லி நிறுத்தி, ஆழமாகக் குனிந்தார். மினோருவும் குனிந்தார். அங்கே நடுவில் புகுந்து டீ வைக்க யாரும் இல்லை.

துக்க வீட்டுக்குக் கம்பெனியிலிருந்து வரிசையாக வந்தார்கள். கறுப்பு உடை, கறுப்பு டை. இச்சினோஸே சுமியேயின் படத்தின் முன் ஊதுவத்தி ஏற்றிவிட்டு, மினோருவின் எதிரே வந்து வணங்கினார். மற்றவர்களும் வணங்கினார்கள். எல்லா முதுகுகளும் ஒரே கோணத்தில் இருந்தன. கம்பெனி வக்கீல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது அவர் மினோருவை ஒதுக்கமாகக் கூப்பிட்டு விளக்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நாப்பத்தஞ்சு பாகை குனிஞ்சா அது மன்னிப்பு. பொறுப்பு ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நாங்க குனிஞ்சது நாப்பத்துநாலு. அது அனுதாபம் மட்டும்தான். ரெண்டு நாளா எல்லாரும் ஒத்திகை பாத்தாங்க. உங்க மேல அவ்வளவு மரியாதை."

மினோரு அவருக்கு நன்றி சொன்னார்.

அன்று முதல் தினமும் காலையில் சுமியேயின் படத்தின் முன் நின்று அவர் ஒரு பயிற்சி செய்தார். சும்மா நிமிர்ந்து நிற்பது. படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கழுத்து வலித்தது. முதலில் முடியவில்லை. பிறகு கொஞ்ச நேரம் முடிந்தது. பனி பெய்யத் தொடங்கும்போது, கழுத்தில் கை வைத்துப் பிடித்துக்கொள்ளாமலே நிற்க முடிந்தது. "என்னை மன்னிச்சுடு" என்பதைக்கூடக் குனியாமல் சொல்லப் பழகினார்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. உருவமைப்புப் பிரிவின் கூட்டம் கூடியது. மேசை மேல் பட்டுத் துணியில் செய்த ஒரு சிறிய வெள்ளைச் சதுரம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இறந்தவர் முகத்தை மூடுகிற துணி அந்த அளவில்தான் இருக்கும். அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும், யாரும் சொல்லவில்லை.

"ஒரு துயரமான சம்பவத்துலருந்து நாம பாடம் கத்துக்கிட்டோம்," என்றார் இச்சினோஸே. "இனிமே ஒவ்வொரு கென்ஜோவோடயும் ஒரு வெள்ளைப் பட்டு. வணக்கம் நீண்டுபோச்சுன்னா அதைக் காரோட முகத்துல மெல்ல விரிக்கணும். அடக்கத்துக்கே ஒரு திரை! ஆயிரத்து முந்நூறு வருஷ மரபு நம்ம கிட்ட இப்பத்தான் முழுமையாகுது. வாலை எடுத்துடலாமேன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். எடுத்தா அது தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

மினோரு எழுந்தார். நாற்காலி கீச்சென்றது. எல்லாத் தலைகளும் திரும்பின.

அவர் வணங்கவில்லை.

நிமிர்ந்து நின்றார். யாரோ இருமி, அதைப் பாதியில் நிறுத்தினார்கள். ஓனுகி தன் கைகளைப் பார்த்தார்.

"ஆட்சேபணை உண்டு," என்றார் மினோரு. குரல் நடுங்கியது, கழுத்து நடுங்கவில்லை. "அந்த வணக்கம் என்னோடது. அதுதான் வாசலை அடைச்சுது. அதாலதான் என் பெண்டாட்டி செத்தா. துணியெல்லாம் வேண்டாம். அந்த வணக்கத்தைக் கார்லருந்து எடுத்துடுங்க. எல்லாக் கார்லருந்தும்."

இப்படி ஒன்று அந்த அறையில் அதற்கு முன் நடந்ததில்லை. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இச்சினோஸே மட்டும் மெதுவாக, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து மினோருவின் எதிரே நின்றார். அவர் கண்கள் உண்மையாகவே ஈரமாக இருந்தன. குனிந்தார். ஓனுகி எழுந்து குனிந்தார். வரிசையாக எல்லோரும் எழுந்து குனிந்தார்கள். குறிப்பு எழுதுகிற பெண்கூடப் பேனாவை வைத்துவிட்டுக் குனிந்தாள். யாரும் நிமிரவில்லை. அவருக்காகக் காத்திருந்தார்கள்.

மினோரு நின்றார். சுமியேயின் படத்தை நினைத்துக்கொண்டார். எதிரே நரைத்த தலைகளும் வழுக்கைத் தலைகளும் அசையாமல் இருந்தன. ஒரு இயக்குநர், முட்டி வலியோடு, தன் முன் குனிந்து நிற்கிறார். இன்னும் நின்றார். முதுகில் வேர்த்தது. பல்லைக் கடித்தார். கழுத்தின் பின்னால் ஒரு நரம்பு தானாக இழுத்தது.

குனிந்துவிட்டார்.

எல்லோரும் மூச்சு விட்டு நிமிர்ந்தார்கள். அவரும் நிமிர்ந்தார். அப்போது அவர் தலை லேசாக, இன்னொரு முறை ஆடியது.

அதைப் பார்த்ததும் எதிரே இருந்த அத்தனை தலைகளும் மறுபடி தாழ்ந்தன. மினோருவும் தாழ்ந்தார். மேசை மேல், பட்டுத் துணிக்குப் பக்கத்தில், முந்தின நாளே தட்டச்சு செய்த கூட்டக் குறிப்பு திருத்தம் எதுவும் இல்லாமல் கிடந்தது.